"தமிழ் இல்லை" என்றது மடிக்கணினி

"அக்கா, இதுல தமிழ் இல்லைன்னு சொல்லுது. என்னா செய்றது?"

கோப்பெங்கில் சித்தி வீடு. பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்தேன். சித்தி மகன் படிவம் 2-இல் படிக்கிறான். அவன் முன்னால் ஒரு பழைய மடிக்கணினி. கறுப்புத் திரையில் ஏழெட்டு ஆங்கில வரிகள். அவற்றுள் கடைசி வரி மட்டும் அவனுக்குப் புரிந்திருந்தது: 'தமிழ்' என்ற பெயரில் மாடியூல் எதுவும் இல்லை.

எனக்கு அந்த வரி பழக்கமானதுதான். படிவம் 4-இல் இருந்தபோது என்னை மூன்று இரவு தூங்கவிடாமல் செய்த வரி அது. நான்காம் நாள் காலையில், கணினி எனக்கு ஒத்துவராது என்று முடிவெடுத்தேன்.

அவன் இயக்கிப் பார்க்க முயன்றது 'எழில்' என்ற நிரலாக்க மொழியை. தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத உதவும் மொழி அது. அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்து அண்ணாமலை உருவாக்கியது. இதைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 2009-இல் வெளிவந்தது. 2013 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது, பள்ளி மாணவர்களுக்கு எழில் எப்படி உதவும் என்று அவர் எழுதிய கட்டுரை அங்கே இடம்பெற்றது. அதாவது, கோப்பெங்கிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் மண்டபத்துக்கு வந்துபோன மொழி இது.

எழிலில் முதல் நிரல் ஒரே வரிதான்:

பதிப்பி "வணக்கம் கோப்பெங்"

இன்னொன்று:

@( மதிப்பெண் > 79 ) ஆனால்
பதிப்பி "சிறப்பு"
இல்லை
பதிப்பி "இன்னும் முயற்சி செய்"
முடி

'ஆனால்' எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் 'இஃப்' முதலில் வந்து, நிபந்தனை பின்னால் வரும். தமிழில் நாம் நிபந்தனையைச் சொல்லிவிட்டுத்தானே 'ஆனால்' என்போம்? எழிலும் அப்படியே செய்கிறது. சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் வாக்கிய அமைப்பையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஐந்து வரியை எழுதிப் பார்க்கத்தான் படிவம் 4-இல் நானும் என் தோழியும் ஆசைப்பட்டோம். யாரோ ஒருவருடைய கணினியிலிருந்து எழில் கோப்புறையைப் பென்டிரைவில் ஏற்றி வந்தவள் அவள். எங்கள் இருவரில் கணிதத்தில் கெட்டிக்காரியும் அவள்தான். கூடுதல் கணிதத்தில் நான் தடுமாறும் இடத்தையெல்லாம் மதிய உணவு நேரத்தில் சொல்லிக் கொடுப்பாள். அப்பா ஈப்போவில் வாங்கி வந்த பழைய மடிக்கணினியில் கோப்புறையைப் போட்டோம். இயக்கினோம். 'தமிழ்' இல்லை என்றது.

கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையோ என்று நினைத்து எழுத்துரு இறக்கினோம். தமிழ் விசைப்பலகை போட்டோம். விண்டோசின் மொழி அமைப்பை மாற்றி, எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பாதிநாள் தவித்தோம். கேட்பதற்கு ஆளில்லை. மூன்றாம் இரவு அவள், "இதெல்லாம் படிச்சவங்க வேலை, விடு" என்றாள். நான் கணக்கியல் பக்கம் போனேன். பிறகு எஸ்.டி.பி.எம். முடித்து, கேட்ட துறை கிடைக்காமல் கணினித் துறை கிடைத்தது வேறு கதை. அவள் எஸ்.பி.எம். முடித்ததும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்னமும் இரவு ஷிப்டு.

அந்தப் பென்டிரைவை அம்மா இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒருநாள் அதைத் திறந்து பார்த்தேன். எழில் கோப்புறை முழுமையாக இருந்தது. அதன் பக்கத்தில் இருக்கவேண்டிய இன்னொரு கோப்புறையைத்தான் நாங்கள் நகல் எடுக்காமல் விட்டிருந்தோம். வேறு எந்தக் கோளாறும் இல்லை.

ஒரு மென்பொருள் இயங்குவதற்கு, அதற்கு முன்பே கணினியில் இருக்கவேண்டிய வேறு மென்பொருளைச் 'சார்பு' என்பார்கள். எழில், பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. ஆகவே பைத்தான் அதற்கு முதல் சார்பு. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்தறிய 'ஓபன்-தமிழ்' என்ற பொதி வேண்டும். அது இரண்டாம் சார்பு. 'தமிழ்' என்று ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால், நமக்கு அது மூன்று எழுத்து. கணினிக்கோ ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இதைத் தமிழ் வழக்கப்படி மூன்றாகச் சேர்த்து எண்ணிக்கொடுப்பது ஓபன்-தமிழ் செய்யும் பல வேலைகளில் ஒன்று.

எங்களைக் கவிழ்த்த இடத்தை இப்போது சொல்லிவிடலாம். இந்தப் பொதியைத் தரவிறக்கும்போது அதன் பெயர் ஓபன்-தமிழ். நிரலுக்குள் அதை அழைக்கும்போது வெறும் 'தமிழ்'. வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பதுபோல. வீட்டுப் பெயரைச் சொல்லித் திரை கூப்பிட, நாங்கள் எழுத்துருவைத் தேடி அலைந்திருக்கிறோம்.

பைத்தான் உலகில் இது ஒன்றும் புதிதல்ல. படங்களைக் கையாளும் பொதியை 'பில்லோ' என்று நிறுவி, 'பி.ஐ.எல்.' என்று அழைக்கவேண்டும். 'ஓபன்சிவி-பைத்தான்' என்று நிறுவியதை 'சிவி2' என்று அழைக்கவேண்டும். பெயரை ஊகித்து நிறுவுவதில் ஆபத்தும் உண்டு. பிரபலப் பொதிகளின் பெயரை ஒத்த பெயர்கள் வைக்கப்பட்ட 10 போலிப் பொதிகள் பைத்தானின் பொதுக் களஞ்சியத்தில் கிடப்பதை 2017 செப்டம்பரில் சுலோவாக்கியாவின் தேசியப் பாதுகாப்பு அலுவலகம் கண்டுபிடித்துச் சொன்னது. பெயரைத் தவறாகத் தட்டியவர்களின் கணினிக்குள் அவை சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொண்டன.

தம்பியின் கணினியில் ஓபன்-தமிழை நிறுவ எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வணக்கம் வந்தது. அவன் துள்ளிக் குதித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்: "இது எங்க எழுதியிருக்கு? நீங்க இல்லன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஆங்கிலக் குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் அவை ஏற்கெனவே பாதி தெரிந்தவர்களுக்கு எழுதப்பட்டவை. அவனுக்கு உதவக்கூடிய ஒரு தாள் எங்கள் ஊரில் இல்லை. சரி, நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மாலையில் முடியும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆனது.

கோப்பெங்கைத் தெரியாதவர்களுக்காக: ஈப்போவுக்குத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத்தால் வளர்ந்த ஊர். இன்று பல நாடுகளில் கடை விரித்திருக்கும் யூ யான் சாங் மூலிகை நிறுவனம், 1879-இல் இங்கே ஒரு சிறு மருந்துக்கடையாகத்தான் பிறந்தது. ஈயம் ஓய்ந்தது. சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் படிப்புக்குக் கம்பார், ஈப்போ என்றும் வேலைக்குக் கோலாலம்பூர் என்றும் போய்விடுகிறார்கள். அவர்கள் விட்டுப்போகும் பழைய மடிக்கணினிகள் வீட்டு அலமாரியில் கிடக்கும். அப்படிக் கிடந்த எட்டைத் திரட்டி, சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் ஒன்பது மாணவர்களுக்கு எழில் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். வழிகாட்டியைச் சோதிப்பதற்கு இதைவிட நல்ல களம் கிடையாது. ஏனென்றால் எட்டுக் கணினியும் எட்டு விதம்.

ஐந்தில் விண்டோஸ் 10. ஒன்றில் விண்டோஸ் 7. இரண்டில் முன்பு யாரோ உபுண்டு போட்டு வைத்திருந்தார்கள். முதல் சனிக்கிழமை என் ஒருபக்கத் தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். அன்று ஒரு கணினியில்கூட வணக்கம் வரவில்லை!

விண்டோஸ் 10-இல் 'பைத்தான்' என்று தட்டினால் மைக்ரோசாப்டின் செயலிக் கடை திறந்துகொண்டது. நிறுவும்போது முதல் பக்கத்தின் அடியில் ஒரு சிறு பெட்டி இருக்கும். பைத்தான் இருக்கும் இடத்தைக் கணினியின் தேடுபாதையில் சேர்க்கவா என்று அது கேட்கும். அந்தப் பெட்டியில் தானாகச் சரிக்குறி இருக்காது, நாம்தான் இடவேண்டும். என் கணினியில் என்றோ இட்டுவிட்டேன், ஆகவே அப்படி ஒரு பெட்டி இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. தாளிலும் எழுதவில்லை. ஐந்து பிள்ளைகளும் அதைப் பார்க்காமல் அடுத்த பக்கம் போய்விட்டார்கள்.

விண்டோஸ் 7 வைத்திருந்த பெண்ணுக்கு நிறுவியே திறக்கவில்லை. பைத்தான் 3.9 முதல் வந்த பதிப்புகள் விண்டோஸ் 7-ஐ ஏற்பதில்லை. அதற்கு 3.8 தான் கடைசி. நான் தாளில் 'புதிய பதிப்பை இறக்கு' என்று பெருமையாக எழுதியிருந்தேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் புத்தகக் கடையில் வாங்கிய கோடுபோட்ட நோட்டில் மூன்று பத்தி பிரித்தேன். செய்தது என்ன, திரை சொன்னது என்ன, விடுபட்டது என்ன. நடுப்பத்தியில் பிழைச் செய்தியை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுவது என்று விதி வைத்துக்கொண்டேன். 'ஏதோ எரர் வந்தது' என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. 'தமிழ்' என்ற ஒரு சொல் அந்த வரியில் இருந்ததால்தானே எது விடுபட்டது என்று கண்டுபிடிக்க முடிந்தது? படிவம் 4-இல் நாங்கள் அந்த வரியைப் படித்தோம். ஆனால் அதை நம்பவில்லை.

இடையில் பாட்டி வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். என்ன எழுதுகிறேன் என்று விளக்கினேன். இயக்குவதற்கு முன்னால் எதெல்லாம் கைவசம் இருக்கவேண்டும் என்ற பட்டியல் என்றேன். பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்.

"பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி நாங்க பாக்கறதுதானே? உளி, தீட்டுற கல்லு, காண்டா, வாளி. அதுல ஒண்ணு கொறைஞ்சாலும் நெரைக்குப் போயிட்டுத் திரும்பி வரணும். அதுக்குள்ள வெயில் ஏறிடும், பால் நின்னுடும்."

அன்றிரவே தாளின் வரிசையை மாற்றினேன். அதுவரை ஒவ்வொரு பொருளும் தேவைப்படும் இடத்தில்தான் அதன் பெயரைச் சொல்லியிருந்தேன். இப்போது எல்லாவற்றையும் முதல் பக்கத்தின் தலையில் கொண்டுவந்தேன்: எந்த விண்டோஸ், எந்த உபுண்டு, எந்தப் பைத்தான், எத்தனை மெகாபைட் இடம், எந்தெந்தப் பொதி, ஒவ்வொன்றுக்கும் கடைப்பெயர் என்ன, கூப்பிடும் பெயர் என்ன. அதற்கும் மேலே ஒரு தேதி.

தேதி ஏன் என்று கேட்கலாம். நிறுவும் குறிப்பு பால் பாக்கெட்டைப் போன்றது, காலாவதியாகும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான குறிப்புகள் இன்னமும் தேடுபொறியில் வந்து நிற்கின்றன. பழைய முறையில் மூலக்கோப்பை இறக்கிக் கையால் நிறுவும்போது 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற கருவி உள்ளே வேலை செய்யும். பைத்தானோடு பல்லாண்டுகள் சேர்ந்தே வந்த அந்தக் கருவியை, 2023 அக்டோபரில் வெளியான 3.12 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நேற்றுவரை சரியாக இருந்த ஒரு குறிப்பு, யாரும் கைவைக்காமலேயே மறுநாள் தவறாகிப் போனது.

உபுண்டுக் கதை வேறு மாதிரி. உபுண்டுவில் பைத்தான் கூடவே வரும், ஆகவே வேலை எளிது என்று நினைத்தேன். ஆனால் பொதிகளை நிறுவித் தரும் 'பிப்' தனியாக வேண்டும். தனிச் சூழல் உருவாக்கும் 'வென்வ்' தனியாக வேண்டும். அவற்றைச் சேர்த்தபின் பொதியை நிறுவப்போனால், "இந்தச் சூழலை இயங்குதளம் நிர்வகிக்கிறது, நீ கைவைக்காதே" என்ற பொருளில் ஒரு மறுப்பு. 2023 முதல் டெபியன் 12-லும் உபுண்டுவின் புதிய பதிப்புகளிலும் இந்தக் காவல் இருக்கிறது. இயங்குதளமே பைத்தானை நம்பி இயங்குவதால், நாம் எதையாவது போட்டு அதைக் கெடுத்துவிடக்கூடாது என்பது அவர்கள் நியாயம். நியாயம்தான். ஆனால் 13 வயதுப் பிள்ளைக்கு அது அதட்டலாகத்தான் கேட்கும். தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவினால் இந்த மறுப்பு வராது.

அடுத்தது ஆமை. திரையில் ஓர் ஆமையை நகர்த்திக் கோலம் வரையும் வசதி எழிலில் உண்டு. பிள்ளைகளுக்கு அதுதான் உயிர். எழிலின் ஆமைக்குப் பின்னால் பைத்தானின் 'டர்ட்டில்' நிற்கிறது. அதற்குப் பின்னால் சன்னல் திறந்து காட்டும் 'டிக்கிண்டர்' நிற்கிறது. விண்டோசில் டிக்கிண்டர் பைத்தானோடு வந்துவிடும். உபுண்டுவில் வராது. இதில் வேடிக்கை, பிப்பைக் கேட்டாலும் அது கிடைக்காது. உபுண்டுவின் சொந்த நிறுவியான 'ஆப்ட்'டிடம் 'பைத்தான்3-டிகே' என்று கேட்கவேண்டும். ஒரே பொருளை ஒரு கடையில் இல்லை என்பார்கள், பக்கத்துக் கடையில் வேறு பெயரில் வைத்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு மாலை போனது. இத்தனைக்கும் நான் கணினித் துறை மாணவி.

இப்படி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பது நம் சனிக்கிழமை வகுப்பின் குறை மட்டுமல்ல. 2016 மார்ச்சில் ஒரு நிரலாளர், ஒரு பெயர்த் தகராறில் கோபப்பட்டுத் தம்முடைய பொதிகளைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. 11 வரிதான். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அதை நேரடியாகவும் மறைமுகமாகவும் சார்ந்திருந்த மென்பொருள்களை உலகமெங்கும் மறுபடி கட்டியெழுப்ப முடியாமல் போனது. பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களும் அன்று "இன்ன மாடியூல் இல்லை" என்ற வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில மணி நேரத்தில் களஞ்சியம் அந்த 11 வரியைத் திரும்பப் போட்டது.

இரண்டாம் சனிக்கிழமைக்குத் தாள் நான்கு பக்கமானது. அன்று நான் எனக்கே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். தாளைக் கொடுத்தபின் வாய் திறக்கக்கூடாது. தடுமாறினாலும் எட்டிப் பார்க்கக்கூடாது. நோட்டில் எழுத மட்டும் செய்யலாம். அது எவ்வளவு கடினம் என்று முயன்றவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளை தவறான இடத்தில் தட்டிக்கொண்டிருக்கும். விரல் நம்மை அறியாமல் நீளும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தம்பி மூன்றாம் படியில் விழுந்தான். 'கட்டளைச் சன்னலைத் திற' என்று எழுதியிருந்தேன். அவன் பைத்தானையே திறந்து, அதற்குள் பிப் கட்டளையைத் தட்டினான். இலக்கணப் பிழை என்றது. பத்து முறை தட்டினான். பத்து முறையும் அதே பிழை. இரண்டும் கறுப்புச் சன்னல்தானே, அவன் எப்படி வேறுபாடு அறிவான்? மூன்றாம் படியில் இப்போது இப்படி இருக்கிறது: "வரியின் தொடக்கத்தில் >>> என்று மூன்று கூர்முனை தெரிந்தால் நீ பைத்தானுக்குள் இருக்கிறாய். வெளியே வா. பிறகு தட்டு."

இன்னொரு மாணவி கட்டளையைத் தட்டவில்லை. தோழி கைப்பேசியிலிருந்து புலனத்தில் அனுப்பியதை அப்படியே ஒட்டினாள். அனுப்பியவளின் கைப்பேசி இரண்டு சிறு கோடுகளை அழகுபடுத்தி ஒரு நீளக் கோடாக மாற்றியிருந்தது. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. கணினிக்கு அது வேறு எழுத்து.

மூன்றாமவன் கேட்ட கேள்வி என்னைச் சிரிக்க வைத்துவிட்டது. "அக்கா, ஃபைல் இருக்குன்னுதானே சொல்லுது, பிறகு ஏன் ஓடல?" திரையைப் பார்த்தேன். தோல்வி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதே நான்கு எழுத்துகள் மலாயில் கோப்பைக் குறிக்கும். நாள் முழுதும் பள்ளியில் மலாயில் படிக்கிற பிள்ளை அதை அப்படித்தான் படிப்பான். இந்த நாட்டு மாணவனுக்கு மட்டுமே வரக்கூடிய தடுமாற்றம் இது. அமெரிக்காவில் எழுதப்பட்ட எந்தக் குறிப்பிலும் இதற்கு ஒரு வரி கிடைக்காது. நம் தாளில் இருக்கிறது.

தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரிந்த கதையும் உண்டு. விண்டோசின் பழைய கறுப்புச் சன்னலுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. நிரல் சரியாகத்தான் இயங்கியிருக்கும், காட்டும் இடம்தான் கோணல். பிள்ளைகள் தாங்கள் தவறு செய்ததாக நினைத்து அழித்து அழித்து எழுதினார்கள். இதை நான்காம் பக்கத்தில், "இது உன் பிழை அல்ல" என்ற வாக்கியத்துடன் தொடங்கி எழுதினேன். தாளில் எனக்குப் பிடித்த வாக்கியம் அது.

மூன்றாம் வாரம் இணையம் காலை வாரியது. மண்டபத்தில் இணைய வசதி கிடையாது. என் கைப்பேசியின் தரவைத்தான் எட்டுக் கணினிக்கும் பகிர்ந்தேன். பாதியில் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் வீட்டிலேயே பிப்பைக் கொண்டு பொதிகளை நிறுவாமல் இறக்க மட்டும் செய்து, பென்டிரைவில் வைத்துக்கொண்டேன். 'இன்ஸ்டால்' என்பதற்குப் பதில் 'டவுன்லோட்' என்று தட்டினால் போதும். சார்புகளையும் அதுவே சேர்த்து இறக்கும். மண்டபத்தில் நிறுவும்போது, வெளியே தேடாதே, இந்தக் கோப்புறையில் மட்டும் தேடு என்று இரண்டு குறிப்புச் சொற்களைச் சேர்க்கவேண்டும். ஒரு கவனம் வேண்டும்: சில பொதிகள் விண்டோசுக்கு ஒன்று, உபுண்டுவுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். கோப்பின் பெயர் 'எனி' என்று முடிந்தால் எல்லாக் கணினிக்கும் பொருந்தும்.

கையால் நிறுவுவது பழைய காலத்து வேலை என்று என் வகுப்புத் தோழர்கள் சிலர் கேலி செய்தார்கள். எல்லாம் ஒரே கட்டளையில் வந்துவிடுமே என்றார்கள். வரும், எல்லாம் சரியாக இருந்தால். சரியாக இல்லாதபோது எது எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்தவர்தான் சரிசெய்ய முடியும். அது மட்டுமன்று. உங்கள் கணினியில் ஏற்கெனவே எல்லாம் இருப்பதால், எது தேவை என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நான் முதல் தாளில் அத்தனையையும் விட்டதற்கு அதுதான் காரணம். இப்போதெல்லாம் எழுதுவதற்கு முன்னால் வெறும் சூழல் ஒன்றை உருவாக்கி, எதுவுமே இல்லாத இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

எழில், ஓபன்-தமிழ் இரண்டுமே திறந்த மூல மென்பொருள்கள். மூலக்கோப்பு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. யாரும் திருத்தம் அனுப்பலாம். திருத்தம் என்றால் நிரல்தான் என்றில்லை. நிறுவும் குறிப்பில் விடுபட்ட ஒரு வரியைச் சேர்த்து அனுப்புவதும் பங்களிப்புத்தான். ஆவணம் எழுதுபவர்களைத் திறந்த மூலத் திட்டங்களோடு இணைக்க கூகுள் 2019-இல் 'சீசன் ஆஃப் டாக்ஸ்' என்று தனித் திட்டமே தொடங்கியது. நிரல் எழுத வராது என்று ஒதுங்கும் மாணவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. முதல்முறை நிறுவும்போது தடுமாறும் அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் பார்ப்பதை, பத்தாண்டு அனுபவமுள்ளவர் பார்க்கமுடியாது. அவருக்கு அது மறந்துபோயிருக்கும். உங்களுக்கும் ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஆகவே தடுமாறும்போதே எழுதிவிடுங்கள்.

ஐந்தாம் சனிக்கிழமை எட்டுக் கணினியிலும் வணக்கம் வந்தது. நான் பேசவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. விண்டோஸ் 7 கணினிதான் கடைசி. அந்தப் பெண் ஆமையை வைத்து அறுகோணம் வரைந்து, அதைச் சுற்றிச் சுற்றிக் கோலமாக்கிவிட்டுத்தான் எழுந்தாள்.

தாள் இப்போது ஏழு பக்கம். அன்றிரவு அதைத் தோழிக்குப் புலனத்தில் அனுப்பினேன். ஆறாண்டுக்கு முன் நாம் தேடியது இதைத்தான், எழுத்துரு அல்ல, ஒரு கோப்புறை என்று ஒரு வரி சேர்த்தேன். நீல நிறச் சரிக்குறி விழுந்தது. பதில் வரவில்லை. நான்கு நாள் கழித்து, இரவு ஷிப்டு முடிந்து வந்த காலை ஏழு மணிக்கு ஒரு படம் வந்தது. அவள் தம்பியின் மடிக்கணினி. கறுப்புத் திரையில் அவள் பெயரோடு ஒரு வணக்கம்.

கீழே எழுதியிருந்தாள்: "ஆறாம் படியில் ஒண்ணு விட்டுட்ட. கோப்புறைப் பெயர்ல இடைவெளி இருந்தா மேற்கோள் குறிக்குள்ள போடணும். அதுக்கே எனக்கு ஒரு மணி நேரம் போச்சு."

ஆறாம் படியைத் திருத்தினேன். மேலே தேதியையும் மாற்றியிருக்கிறேன்.